கைத்தொலைபேசிக் கல்வியும் நன்னூற் கணக்கும்

கல்விக் கருவிகள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. மணலிலே விரல் தோய எழுதிப் பழகிய காலம் ஒன்று; பனையோலையில் எழுத்தாணி ஊன்றிய காலம் ஒன்று; சிலேற்றும் அப்பியாசக் கொப்பியும் அச்சுப் புத்தகமும் ஆட்சி செய்த காலம் ஒன்று. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசி, பள்ளிக்கூடம், நூல்நிலையம், ஆசிரியர் ஆகிய மூன்றின் இடத்தையும் தானே நிரப்ப முற்பட்டு நிற்கின்றது. பாலர் வகுப்புப் பாடம் முதற் பல்கலைக்கழகப் பாடநெறி ஈறாக எதனையும் அதன்வழியே கற்கலாம் என்பர். வீட்டிலிருந்தபடியே கற்கலாம், பேருந்தில் நின்றபடியே கற்கலாம், படுக்கையிற் சாய்ந்தபடியே கற்கலாம் என விளம்பரங்கள் கூறுகின்றன. இக்கூற்று எத்துணை உண்மையுடையது? கைத்தொலைபேசிவழிக் கல்வியால் மாணாக்கன் பெறுவது யாது? இழப்பது யாது? இவற்றை ஆராய்வது இக்காலத்துக்கு இன்றியமையாததாகும்.

புதுக் கருவியைக் கண்டவுடன் வெறுத்தொதுக்குதல் தமிழ்க் கல்வி மரபுக்கு உரியதன்று. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிலே 1848 ஆம் ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கிய ஆறுமுக நாவலர், அதற்கு அடுத்த ஆண்டிலேயே அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுச் சென்னை சென்றார். ஏட்டுச் சுவடிகளிற் பயின்ற பெரும்புலவர் ஒருவர் அக்காலத்துப் புதுக் கருவியை இருகை நீட்டி ஏற்றுக் கொண்டமை இதனாற் புலனாகும். ஆயின் ஈண்டு உற்றுநோக்கத் தக்கது வேறொன்றுண்டு. அச்சுக்கூடம் நிறுவிய நாவலர், புத்தகம் வந்துவிட்டது, இனி ஆசிரியர் வேண்டா என்று பள்ளிக்கூடத்தை மூடினாரல்லர். பாலபாடங்களை அச்சிட்டார்; அவற்றைப் படிப்பித்தற்கு ஆசிரியர்களையும் உருவாக்கினார். கருவி வேறு, கல்வி வேறு என்னுந் தெளிவு அவரிடத்தே இருந்தது. அத்தெளிவு இன்று மங்கி வருகின்றது.

கைத்தொலைபேசிக் கல்வியின் குறை நிறைகளை அளந்தறிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைத் தேடி வெகுதூரஞ் செல்ல வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் இயற்றிய நன்னூல், எழுத்தையுஞ் சொல்லையும் பற்றிப் பேசத் தொடங்குமுன், ஆசிரியரின் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கரின் இயல்பு, பாடங் கேட்கும் முறை ஆகியவற்றைப் பொதுப்பாயிரத்திலே வகுத்துரைக்கின்றது. அங்கே ஒரு கணக்குக் காணப்படுகின்றது. ஆசிரியர் உரைத்ததை நன்றாக மனங்கொண்ட போதிலும் மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்கூறு மட்டுமே. உடன்கற்பாரோடு சேர்ந்து பயில்வதால் இன்னொரு காற்கூறு வந்தடைகின்றது. எஞ்சிய அரைக்கூறோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைக்கும்போதே நிரம்புகின்றது. கல்வி என்பது கொள்ளுதல், கலந்து பயிலுதல், கொடுத்தல் என்னும் மூன்றும் கூடிய செயல் என்பதும், அவற்றுள்ளும் கொடுத்தலே தலையாயது என்பதும் இக்கணக்கின் உட்பொருளாகும். இந்த அளவுகோல் கொண்டே கைத்தொலைபேசிக் கல்வியை அளந்து பார்த்தல் தகும்.

அதற்குமுன் அக்கல்வி இந்நாட்டில் வேரூன்றிய வரலாற்றைச் சுருங்க நோக்குதல் நன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாக் கொள்ளைநோய் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் அவை சில காலந் திறந்தும் பல காலம் மூடியும் கிடந்தன. 2020 ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை 2021 மார்ச்சிலும், 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும் நடைபெறும் அளவுக்குக் காலவொழுங்கு குலைந்தது. அந்நிலையில் ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களை அமைத்துச் செயலட்டைகளை அனுப்பினர். சூம் வாயிலாக வகுப்பு நடத்தினர். 2022 ஆம் ஆண்டிலே எரிபொருட் பஞ்சம் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் இவ்வழியே மீண்டுங் கைகொடுத்தது. அடைமழையிற் பிடித்த குடையைக் குறைகூறுவார் யாருமிலர். ஆயின் மழை விட்ட பின்னரும் குடையையே வீடெனக் கொண்டு அதன்கீழ்க் குடியிருக்கத் துணிவதே ஆராய்தற்குரியது. தனியார் வகுப்புகளும் சான்றிதழ்ப் பாடநெறிகளும் பெருமளவு கைத்தொலைபேசிக்குள்ளேயே தங்கிவிட்டன. நெருக்கடிக்குரிய மாற்றுவழி நாளாந்த வழியாயிற்று.

இக்கல்வியில் நன்மை யாதுமில்லை என்பது நடுவுநிலையாகாது. ஒருமுறை கேட்ட பாடத்தை இரண்டாம் முறையுங் கேட்பவன் நூலிற் பெரிதும் பிழைபடான் என்றும், மூன்றாம் முறையுங் கேட்பவன் முறையறிந்து உரைக்க வல்லவனாவான் என்றும் நன்னூல் கூறும். பதிவுசெய்யப்பட்ட பாடம் இவ்வகையிற் பேருதவி செய்வதாகும். வகுப்பிற் கேட்டது விளங்காதவன் இரவிலே தனித்திருந்து மீட்டுங் கேட்கலாம். தொழில் புரிவோர், நோயுற்றோர், நடமாட இயலாதோர், தொலைவிடங்களில் வாழ்வோர் ஆகியோர்க்கு முன்பு எட்டாதிருந்த பாடங்கள் எட்டுகின்றன. பெருநகரத்து ஆசிரியர் ஒருவரின் விளக்கத்தைத் தீவகத்துப் பிள்ளையும் கேட்க முடிகின்றது. இவற்றை மறுத்தல் நன்றி மறத்தலாகும். ஆனால் மும்முறை கேட்டற்கு வாய்ப்பளிக்கும் அதே கருவி, ஒருமுறை கேட்பதையும் இருமடங்கு விரைவில் ஓட்டிக் கேட்கவும், வேண்டாத பகுதியெனத் தோன்றுவதைத் தாண்டிச் செல்லவும் வாய்ப்பளிக்கின்றது. எது வேண்டாத பகுதி என்பதைக் கற்று முடித்தவனே அறிவான். கற்கத் தொடங்கியவன் அறியான். வாய்ப்பு இருத்தல் ஒன்று, அதனைப் பயன்படுத்தும் பழக்கம் அமைதல் பிறிதொன்று.

இனி முதற் காற்கூறாகிய ஆசிரியர் பங்கை நோக்குவோர்க்கு முதற்குறை உடனே புலப்படும். மாணாக்கன் கொள்ளும் வகையறிந்து அவன் உள்ளங் கொள்ளுமாறு பாடஞ் சொல்லுதலே ஆசிரியர்க்கு இலக்கணமாகக் கூறப்பட்டது. கொள்ளும் வகையை அறிவதெப்படி? முகத்தைப் பார்த்தே அறிதல் வேண்டும். கரும்பலகையில் ஒரு கணக்கைச் செய்துகாட்டித் திரும்பும் ஆசிரியர், பின்வரிசையிற் சுருங்கிய ஒரு புருவத்தைக் கண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். சூம் வகுப்பிலோ அவர் காண்பது பெயர் எழுதப்பட்ட கறுப்புக் கட்டங்களையே. ஒளிப்படக் கருவியைத் திறந்தால் தரவு விரைந்து செலவாகும் என்பதனால் மாணவர் அதனை மூடி வைப்பர். ஒலிவாங்கியும் மூடியிருக்கும். "விளங்குகின்றதா?" என்னும் வினாவுக்கு விடையாக வருவது மௌனமே. அம்மௌனம் விளக்கத்தின் அறிகுறியா, விளங்காமையின் அறிகுறியா, அன்றி அப்பிள்ளை அவ்விடத்திலேயே இல்லை என்பதன் அறிகுறியா என்பதை எவ்வளவு தேர்ந்த ஆசிரியரும் அறிதற்கில்லை. பதிவுசெய்த பாடத்திலோ வினவுதற்கும் ஒருவரில்லை. ஆகவே, கொடுப்பவர் கொடுத்தாலும் கொள்பவன் கொண்டானா என்பது தெரியாமலே பாடம் நடந்து முடிகின்றது.

இரண்டாவது குறை திரையின் சிறுமை பற்றியது. தமிழ் நூல் ஒன்றை உரையுடன் கற்பதை உதாரணமாகக் கொள்ளலாம். திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு படிப்பவன், ஒரே பக்கத்திற் குறளையும் பொழிப்பையும் விசேட உரையையும் காண்கின்றான். உரையில் ஒரு சொல்லுக்கு வரும் நயத்தைப் படிக்கும்போது அவன் கண் மேலேறி மூலத்திலுள்ள அச்சொல்லைத் தொட்டு மீள்கின்றது. மூலமும் உரையுமாக இடையறாது சென்று வரும் இந்தப் போக்குவரவே உரைவழிக் கல்வியின் உயிர். கைத்தொலைபேசித் திரையிலோ உரையைக் கீழே தள்ளிப் படிக்கும்போது மூலம் மேலே மறைந்துவிடும். மூலத்தைத் தேடிச் சென்றால் உரை மறைந்துவிடும். கேத்திர கணிதத்து உருவமும் அதன் நிறுவலும், புவியியற் படமும் அதன் விளக்கமும் இவ்வாறே ஒன்றையொன்று காணாமற் பிரிகின்றன. திரையைப் பெருப்பித்துப் பார்ப்பவன் பகுதியைக் காண்பான், முழுமையைக் காணான்.

இக்குறையை ஆராய்ச்சியாளரும் எடுத்துக் காட்டியுள்ளனர். 2000 ஆம் ஆண்டு முதல் 2017 ஆம் ஆண்டு வரை வெளிவந்த 54 ஆய்வுகளை ஒருங்கு திரட்டி ஆராய்ந்த பெலிப்பே டெல்காடோவும் உடனாய்வாளரும் 2018 ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். அவ்வாய்வுகளிற் பங்குகொண்டோர் 1,70,000 பேருக்கு மேற்பட்டவர். செய்தியும் விளக்கமும் அமைந்த நூற்பகுதிகளைத் தாளிற் படித்தோர் மின்திரையிற் படித்தோரைவிட நன்கு விளங்கிக் கொண்டனர் என்பதும், காலவரையறையுடன் படிக்கும்போது இவ்வேறுபாடு மிகுந்தது என்பதும் அவர் கண்டவை. கதைப் பகுதிகளைப் படிப்பதில் அத்தகைய வேறுபாடு புலப்படவில்லை. அவ்வாய்வுகள் கைத்தொலைபேசியை மட்டுங் குறித்தவையல்ல. எனினும் பெரிய திரைகளையும் உள்ளடக்கிய கணக்கிலேயே தாள் முந்துமாயின், சிறு திரையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பாடசாலைகளில் மின்கருவிகளை முன்னின்று புகுத்திய நாடுகளுள் ஒன்றாகிய சுவீடன், 2023 ஆம் ஆண்டில் அச்சுப் பாடநூல்களுக்கு மீண்டும் அரசுப் பணத்தை ஒதுக்கியமையும் ஈண்டு எண்ணத்தக்கது.

மூன்றாவது குறை கவனஞ் சிதறுதல். நன்னூலார் மாணாக்கரை விலங்குகளோடும் பொருள்களோடும் ஒப்பிட்டு வகைப்படுத்துவார். முதல் மாணாக்கருக்கு உவமையாகிய பசு, புல் மிகுந்தவிடத்தில் வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் இருந்து அசைபோடும். கடை மாணாக்கருக்கு உவமையாகிய ஆடோ, ஒரு செடியிலே தழை நிறைந்திருப்பினும் அதனை நிறைய உண்ணாது, செடிதோறுஞ் சென்று நுனி கடித்துத் திரியும். இவ்வுவமையை எழுதியவர் கைத்தொலைபேசியைக் கண்டவரல்லர். எனினும் அதிற் பாடங் கேட்கும் பிள்ளையின் நிலையை இதனினும் பொருத்தமாக உரைத்தல் அரிது. பாடம் ஓடிக்கொண்டிருக்கும், மேலே ஒரு செய்தி மின்னும், விரல் அங்கே செல்லும், அங்கிருந்து ஒரு படம், படத்திலிருந்து ஒரு பாட்டு, பாட்டிலிருந்து ஒரு விளையாட்டு எனச் சென்று, மீண்டு வரும்போது பாடம் முடிந்திருக்கும்.

இதனைப் பிள்ளையின் ஒழுக்கக்குறை என்று மட்டும் சொல்லி அமைதல் நீதியன்று. புத்தகம் தன்னைப் படிப்பவனை வேறிடத்துக்கு அழைப்பதில்லை. கைத்தொலைபேசியிலுள்ள பல செயலிகளோ, பார்ப்போரின் நேரத்தை விளம்பரத்துக்கு விற்றுப் பொருளீட்டுவன. கண்ணை விலகவிடாது பிடித்து வைத்தலே அவற்றின் தொழில். கடைத்தெருவின் நடுவே பாய்விரித்துப் பிள்ளையை இருத்திப் படி என்பதை ஒத்தது இது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2022 ஆம் ஆண்டில் நடத்திய பீசா மதிப்பீட்டில், அவ்வமைப்பைச் சேர்ந்த நாடுகளின் மாணவருள் சராசரியாக நூற்றுக்கு 65 வீதத்தினர், மின்கருவிகளைப் பயன்படுத்துவதாற் கணித பாடவேளைகள் சிலவற்றிலேனுந் தம் கவனஞ் சிதறுவதாகக் கூறினர். ஆசிரியர் எதிரே நிற்கும் வகுப்பறையிலேயே நிலை இதுவெனில், தனியறையில் இருக்கும் பிள்ளையின் நிலை எத்தகையது? பாடசாலைகளிற் கைத்தொலைபேசியைப் பிரான்சு நாடு 2018 ஆம் ஆண்டிற் சட்டத்தால் விலக்கியதன் காரணம் இதனால் விளங்கும்.

இனி இரண்டாம் காற்கூறாகிய உடன்கற்பார் பங்கு. பாடசாலை விட்டபின் வேப்பமரத்தடியிலோ வாசிகசாலைத் திண்ணையிலோ நால்வர் கூடிக் கடந்தகால வினாத்தாளைச் செய்யும் வழக்கம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. ஒருவனுக்குத் தெரியாதது மற்றவனுக்குத் தெரியும். ஆசிரியரிடங் கேட்க நாணிய ஐயத்தை நண்பனிடங் கேட்கலாம். ஒருவன் தவறாகச் சொல்ல மற்றவன் மறுக்க, இருவருமாகப் புத்தகத்தைப் புரட்டி உண்மை காண்பர். அவ்வாறு சண்டையிட்டுக் கற்றது ஆயுள்வரை மறவாது. கைத்தொலைபேசிப் பாடநெறியிலே ஆயிரம் பேர் சேர்ந்திருக்கலாம். ஆயினும் ஒருவரையொருவர் அறியார். வட்ஸ்அப் குழுவில் வினா எழுப்புவோர் சிலர், விடையைப் படியெடுப்போர் பலர். தன்னினும் நன்றாகக் கற்பவனைக் கண்டு எழும் நன்முயற்சியும், தன்னினும் தளர்ந்தவனைக் கைதூக்கும்போது பிறக்கும் தெளிவும் அங்கே இல்லை.

எஞ்சியிருப்பது அரைக்கூறு. இதுவே மிகப் பெரிய இழப்பு நேரும் இடமாகும். கற்றதை எடுத்துரைத்தல் என்பது வாயாற் சொல்லுதலையும் கையால் எழுதுதலையும் அடக்கும். கைத்தொலைபேசிப் பாடநெறிகள் பலவற்றில் மாணாக்கனின் அறிவை அளப்பது பல்தேர்வு வினா. நான்கு விடைகள் தரப்பட, அவற்றுள் ஒன்றை விரலால் தொட்டால் போதும். கண்ட விடையை இன்னதென அடையாளங் காணுதல் வேறு. ஒன்றுமில்லாத வெற்றுத்தாளின்முன் அமர்ந்து ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவு வரை தானே ஒழுங்குபடுத்தி உரைத்தல் வேறு. முன்னது நினைவின் சாயல், பின்னதே புலமை. எழுத்து விடைகள் கோரப்படும் இடத்தும், மாணவர் கொப்பியைப் படம்பிடித்து அனுப்ப, ஆசிரியர் நூற்றுக்கணக்கான படங்களைச் சிறு திரையிற் பார்த்து 'சரி' என்னும் அடையாளம் இட்டு அனுப்புதலே பெரும்பாலும் இயல்வதாகின்றது. எழுத்துப்பிழையைச் சுழித்து, வாக்கியத்தைத் திருத்தி, ஓரத்திலே காரணம் எழுதிய சிவப்பு மையின் பணி அங்கே நடைபெறுவதில்லை.

இவ்விழப்பு அண்மையில் மேலும் பெருகியுள்ளது. 2022 ஆம் ஆண்டின் இறுதியிலே சட்ஜிபிடி என்னுஞ் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்கள் கைக்கு வந்தது. அதன்பின் அத்தகைய கருவிகள் பல தோன்றின. பாடங் கேட்கும் தொலைபேசியிலேயே, பாடத்தைச் சுருக்கித் தருவதும், கட்டுரை எழுதித் தருவதும், கணக்குக்கு வழிமுறை காட்டுவதும் ஒரு வினாடித் தொலைவில் உள்ளன. எடுத்துரைக்க வேண்டியவன் மாணாக்கன், எடுத்துரைப்பதோ இயந்திரம். அரைக்கூறு புலமை எங்கே விளைய வேண்டுமோ, அந்த நிலத்தையே பிறர் உழுது பிறர் அறுத்துச் செல்கின்றனர். கையில் எஞ்சுவது ஒரு சான்றிதழ். அச்சான்றிதழை நம்பி அப்பிள்ளையைப் பணிக்கு அமர்த்துவோரும், அதனை நம்பித் தன்னை அறிந்தவனென எண்ணும் அப்பிள்ளையும் ஒருங்கே ஏமாறுவர்.

ஈண்டு ஒரு தடை எழுப்பப்படலாம். ஆசிரியரை நேரிற் காணாது கற்றல் புதியதன்றே. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டு முதல் வெளிவாரி மாணவருக்குப் பரீட்சை நடத்திற்று. 1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றுமுன் இந்நாட்டவர் பலர் அவ்வழியே பட்டம் பெற்றனர். அவர் கல்வியிற் குறைந்தவரா? என்பர். குறைந்தவரல்லர். ஆயின் அவர் கைக்கொண்ட முறையை நோக்குதல் வேண்டும். அவர் தடித்த நூல்களை முழுமையாகப் படித்தனர், குறிப்பெழுதினர், பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் தம் கையாலேயே விடை எழுதினர். இன்னார் என்றறியாத பரீட்சகர் ஒருவருக்குத் தாம் கற்றதை விளங்க உரைத்தனர். அரைக்கூறு அங்கே முழுமையாக இருந்தது. 1980 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும், அச்சிட்ட பாடநூல், பிராந்திய நிலையங்களில் நடைபெறும் பகல் வகுப்பு, திருத்தப்படும் ஒப்படை என்பவற்றின் துணைகொண்டே தொலைக்கல்வியை வளர்த்தது. தொலைவு குற்றமன்று, கலந்து பயிலுதலும் எடுத்துரைத்தலும் அற்றுப்போதலே குற்றம்.

அவை அற்றவிடத்து நேர்வதற்கு அமெரிக்க நாட்டில் ஒரு சான்றுண்டு. ஆவார்டுப் பல்கலைக்கழகமும் மாசச்சூசெற்சுத் தொழினுட்ப நிறுவனமும் 2012 ஆம் ஆண்டிற் கூட்டாகத் தொடக்கிய எடெக்ஸ் தளம், உலகத்தார் யாவர்க்கும் இலவசப் பாடநெறிகளை இணையவழி வழங்கிற்று. உலகப் புகழ் பெற்ற பேராசிரியர்களே பாடஞ் சொல்லினர். அவற்றின் பதிவேடுகளை ஆராய்ந்து 2019 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரை, 2017-18 ஆம் ஆண்டிற் பாடநெறியிற் சேர்ந்தோருள் அதனை நிறைவுசெய்தவர் நூற்றுக்கு 3.13 வீதத்தினரே எனக் காட்டிற்று. வேடிக்கை பார்க்கச் சேர்ந்தவரும் அத்தொகையில் அடங்குவர் என்பது உண்மையே. எனினும் ஆசிரியரின் சிறப்பு மட்டும் மாணாக்கனை இறுதிவரை கொண்டு சேர்ப்பதில்லை என்பதை இவ்வெண் உணர்த்துகின்றது.

இதுகாறுங் கூறியவை கருவி கைக்கு எட்டியவரின் குறைகள். எட்டாதவரின் நிலை யாது? சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980 ஆம் ஆண்டு முதற் பாடநூல்களும் இலவசமாயின. செல்வன் மகனும் ஏழை மகளும் ஒரே புத்தகத்தைத் திறக்கும் நிலை உண்டாயிற்று. கைத்தொலைபேசிக் கல்வியோ கருவியின் விலையையும் தரவின் விலையையும் பெற்றோர் தலையில் ஏற்றுகின்றது. 2019 ஆம் ஆண்டில், மேசைக் கணினியோ மடிக்கணினியோ உடைய வீடுகள் இலங்கையில் நூற்றுக்கு ஏறக்குறைய 22 வீதமாகவே இருந்தன எனத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணித்தது. ஆதலின் பெரும்பாலான பிள்ளைகட்குக் கணினி அன்று, தந்தையின் கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு கருவி. தந்தை அதனைக் கொண்டு வேலைக்குச் சென்றால் அதுவுமில்லை. 2021 ஆம் ஆண்டிலே பொஹிட்டியாவ என்னும் மலைக்கிராமத்தில் ஆசிரியையும் மாணவரும் இணைய அலை தேடிக் காட்டுவழி நடந்து ஒரு பாறை உச்சிக்கு ஏறிய செய்தியை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அப்பிள்ளைகளின் ஆர்வம் போற்றத்தக்கது. அவ்வார்வத்தைப் பாறையேற வைத்த கல்விமுறை போற்றத்தக்கதன்று.

மின்சாரத்தின் கதையும் இத்தகையதே. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது கைத்தொலைபேசி வகுப்புகளும் இருளில் மூழ்கின. யாழ்ப்பாணத்தார்க்கு இருள் பழக்கமானதே. 1990 ஆம் ஆண்டிலிருந்து போர் காரணமாகக் குடாநாட்டுக்கு மின்சாரம் பல்லாண்டு அற்றிருந்த காலத்திலே, ஒரு தலைமுறை மாணவர் ஜாம்போத்தல் விளக்கின் சிறு சுடரில் இருந்து உயர்தரம் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தனர். துளி மண்ணெண்ணெயும் ஒரு புத்தகமும் அவர்க்குப் போதியனவாயிருந்தன. புத்தகத்துக்கு ஒளி ஒன்றே வேண்டும். கைத்தொலைபேசிக்கு மின்சாரம், அலைக்கோபுரம், தரவுக் கட்டணம், தொலைவிலுள்ள கணினி ஆகியவை யாவும் ஒருசேர வேண்டும். இச்சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தாலும் கல்வி அறும். இடர் மிகுந்த ஒரு நாட்டில் இத்துணை மெல்லிய சங்கிலியிற் கல்வியைக் கட்டித் தொங்கவிடுதல் அறிவுடைமையாகாது.

ஆயின் செய்யத்தக்கது யாது? கருவியை எறிந்துவிடுதல் அன்று. மூன்று கூறுகளையும் அதனோடு இணைத்தலே. ஊர்தோறும் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் உள்ளன. பிள்ளைக்கொரு கருவி எனத் தனித்தனியே பிரித்து இருத்தாது, பாடத்தை முன்னரே பதிவிறக்கி, இணையத் தொடர்பைத் துண்டித்து, ஆறேழு பிள்ளைகளை ஒரு திரையின்முன் ஒன்றாக இருத்திக் கேட்பிக்கலாம். நடுவே நிறுத்தி, "இதுவரை சொன்னதை நீ சொல்" என்று ஒருவரைக் கேட்க ஒரு மூத்த மாணவன் போதும். கீழ்வகுப்பார்க்குக் கற்பிக்கும் அம்மூத்த மாணவனே அனைவரினும் மிகுதியாகக் கற்பான், அவனுக்கே அரைக்கூறு. கேட்கும்போது அருகே தாளும் பேனாவும் இருத்தல் வேண்டும். எழுதிய விடையை வாரம் ஒருமுறையேனும் ஆசிரியர் நேரிற் பார்த்துத் திருத்துதல் வேண்டும். சான்றிதழ் வழங்குவோர், பாடநெறி முடிவிலே மாணாக்கனை எதிரே இருத்தி அவன் கற்றதை வாய்மொழியாக உரைக்கக் கேட்டபின்னரே வழங்குதல் வேண்டும். இவை பெரும்பொருட் செலவு வேண்டும் சீர்திருத்தங்கள் அல்ல. பழைய பள்ளிக்கூடத்தின் நல்வழக்கங்களே.

கைத்தொலைபேசி கொண்டுவருவது பாடத்தை. அப்பாடத்தை முழுமையாகக் கொண்டு சேர்த்தாலும், நன்னூற் கணக்கின்படி அது தரவல்லது காற்கூறே என்பது மேற்கூறியவற்றாற் பெறப்படும். முகங் காணாமையாலும் திரைச் சிறுமையாலும் கவனச் சிதறலாலும் அக்காற்கூறும் தேய்கின்றது. எஞ்சிய முக்காற்கூறு மனிதர் நடுவிலேயே விளைவதாகும். கொள்ளைநோய்க் காலத்திற் பாடசாலை இழந்த பிள்ளைகள் அந்த முக்காலையும் இழந்தவர்களே. அவருட் பலர் இன்றும் அவ்விழப்பைச் சுமந்தே மேல்வகுப்புகளிலும் தொழிற்களங்களிலும் இருக்கின்றனர். அவர்க்கு இன்னுமொரு செயலியைக் காட்டி அமைதல் கடன் தீர்த்தலாகாது. எதிரே அமர்ந்து "நீ கற்றதைச் சொல், கேட்போம்" என்று கேட்கும் ஒருவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் அளித்தலே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஊரவர்க்கும் உரிய கடமையாகும்.